வாசகர் கேள்வி பதில்: "குளிச்சிட்டு வந்து சொல்லித் தர்றேன்!"

பிள்ளைகளின் வீட்டுப்பாடக் கணக்கில் மாட்டிக்கொண்டவர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்து குவிந்துவிட்டது. தொடக்கநிலை 5, 6 பெற்றோர்தான் அதிகம், நடுவில் ஒரு தாத்தாவும் எழுதியிருக்கிறார். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கி, நீளமாக எழுதியவர்களைக் கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மகள் தொடக்கநிலை 6. பயிற்சித்தாளில் வந்த கணக்கு இது. ஹெலனிடமும் ஐவனிடமும் ஒரே எண்ணிக்கையில் நாணயங்கள் இருந்தன. ஹெலனிடம் சில 50 காசு நாணயங்களும் 64 இருபது காசு நாணயங்களும் இருந்தன, அவற்றின் எடை 1.134 கிலோகிராம். ஐவனிடம் சில 50 காசு நாணயங்களும் 104 இருபது காசு நாணயங்களும் இருந்தன. யாரிடம் அதிகப் பணம், எவ்வளவு அதிகம்? ஒரு 50 காசு நாணயம் ஒரு 20 காசு நாணயத்தைவிட 2.7 கிராம் கூடுதல் எடை என்றால், ஐவனின் நாணயங்களின் எடை என்ன? என் கணவர் பொறியாளர். எக்ஸ், ஒய் எல்லாம் போட்டுப் பார்த்தார். 50 காசு எத்தனை என்றே சொல்லவில்லை, கேள்வியே தப்பு என்றார். அப்புறம் "குளிச்சிட்டு வந்து சொல்லித் தர்றேன்" என்று போனவர் நேராகப் போய்ப் படுத்துவிட்டார். மகள் அழுகிறாள். கேள்வி தப்பா, நாங்கள் தப்பா?
– ஒரு தாய், பொங்கோல்

பதில்: கேள்வியில் தப்பே இல்லை. 2021 பிஎஸ்எல்இ தேர்வில், அதாவது சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 முடிவில் எழுதும் தேர்வில், வந்த கணக்குதான் இது. தேர்வு முடிந்ததும் பெற்றோர் மத்தியில் பெரிய பேச்சாகி, பெரியவர்கள் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து தலையைச் சொறிந்ததும் நடந்தது. அதனால் உங்கள் கணவரை எழுப்பிச் சண்டை போட வேண்டாம், அவருக்குத் துணை நிறைய உண்டு.

அவர் எங்கே மாட்டிக்கொண்டார் என்று சொல்கிறேன். 50 காசு நாணயம் எத்தனை என்று கண்டுபிடிக்கப் பார்த்திருக்கிறார். கேள்வியை இன்னொரு தடவை படியுங்கள், அதை யாரும் கேட்கவே இல்லை! யாரிடம் அதிகம், எவ்வளவு அதிகம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். வித்தியாசத்தைக் கேட்டால் வித்தியாசத்தைப் பார்த்தால் போதும். பெரியவர்களுக்கு இது வராது, முதலில் எல்லாவற்றுக்கும் மொத்தம் போட்டுவிட்டு அப்புறம் கழிப்பதுதான் நமக்குப் பழக்கம். மொத்தம் தெரியவில்லை என்றதும் கை நின்றுவிடுகிறது.

தாளை மூடிவிட்டு உண்டியலை உடையுங்கள். மேசையில் ஹெலனுக்கு 5 நாணயம்: மூன்று 50 காசு, இரண்டு 20 காசு. ஐவனுக்கும் 5 நாணயம்: ஒரு 50 காசு, நான்கு 20 காசு. இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதை ஜோடி ஜோடியாக எடுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு 50 காசுக்கு ஒரு 50 காசு போய்விடும், இரண்டு 20 காசுக்கு இரண்டு 20 காசு போய்விடும். மீதி என்ன? ஹெலன் பக்கம் இரண்டு 50 காசு, ஐவன் பக்கம் இரண்டு 20 காசு. ஒவ்வொன்றுக்கும் 30 காசு வித்தியாசம், ஆக 60 காசு ஹெலனிடம் அதிகம். சந்தேகம் இருந்தால் மொத்தமாகவும் எண்ணிப் பார்க்கலாம், 1 வெள்ளி 90 காசு ஒரு பக்கம், 1 வெள்ளி 30 காசு மறுபக்கம்.

தேர்வுக் கணக்கும் இதே மேசைதான், நாணயம் மட்டும் அதிகம். ஐவனிடம் 20 காசு நாணயம் 104, ஹெலனிடம் 64, அதாவது ஐவனிடம் 40 கூடுதல். ஆனால் மொத்த எண்ணிக்கை இருவருக்கும் ஒன்று என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார்கள் (எல்லோரும் தாண்டிப் போகிற வாக்கியம் இதுதான்). அப்படியானால் ஹெலனிடம் 50 காசு நாணயம் 40 கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். ஒரே மாதிரி இருப்பதை எல்லாம் நீக்கினால் ஹெலன் பக்கம் நாற்பது 50 காசு, ஐவன் பக்கம் நாற்பது 20 காசு. 40 முறை 30 காசு, 12 வெள்ளி. முதல் பகுதி முடிந்தது. எடையை இதுவரை தொடவே இல்லை பாருங்கள்.

எடைக்கும் அதே நாற்பதுதான். ஒவ்வொன்றும் 2.7 கிராம் கூடுதல் என்றால் 40 பெருக்கல் 2.7, அதாவது 108 கிராம். ஹெலனுடையது 1.134 கிலோ, கிராமில் 1,134. அதில் 108 போனால் 1,026 கிராம். ஐவனின் நாணயங்கள் 1.026 கிலோகிராம். கிலோவையும் கிராமையும் கலந்து கழித்து மதிப்பெண்ணைக் கோட்டை விடும் பிள்ளைகள் நிறைய, அங்கே ஒரு கண் வையுங்கள்.

உங்கள் கணவர் எழுந்ததும் அவருக்கு ஒரு வார்த்தை. எக்ஸ் போட்டும் இது வரும். ஹெலனின் 50 காசு எண்ணிக்கை எக்ஸ் என்றால் ஐவனுடையது எக்ஸ் கழித்தல் 40, இரண்டு மொத்தத்தையும் கழித்தால் எக்ஸ் தானாகவே அடிபட்டுப் போகும். எக்ஸைக் கண்டுபிடிக்காமல் விட மனசு வர வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: நான் திருச்சியில் படித்து இங்கே வேலைக்கு வந்தவன். பையன் எந்தக் கணக்குக்கும் பெட்டி பெட்டியாகப் படம் போடுகிறான். நான் எக்ஸ் போட்டுச் சொல்லிக் கொடுத்தால் "டீச்சர் இப்படிச் சொல்லித் தரல" என்கிறான். எக்ஸ் போட்டால் மதிப்பெண் குறைப்பார்களா? இந்தப் பெட்டி எதற்கு?
– ஒரு தந்தை, ஜூரோங் வெஸ்ட்

பதில்: குறைக்க மாட்டார்கள். கணித முறைப்படி சரியான எந்த வழியும் ஏற்கப்படும். எளிய இயற்கணிதம் தொடக்கநிலை 6 பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் செய்முறையைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும், விடையை மட்டும் எழுதிவிட்டு அப்பா சொன்னார் என்றால் நடக்காது.

பெட்டி நேற்று வந்த மோஸ்தர் இல்லை. 1980களில் இங்கே பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில் டாக்டர் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு கொண்டுவந்தது. கூட்டலும் பெருக்கலும் தெரிந்த பிள்ளைகள்கூட வாக்கியக் கணக்கு என்றதும் திணறினார்கள், அவர்களுக்காக வந்ததுதான் இந்த மாடல் முறை. இன்றைக்கு 'சிங்கப்பூர் கணிதம்' என்ற பெயரில் வெளிநாட்டுப் பள்ளிகளிலும் சொல்லித் தருகிறார்கள்.

ஒன்று போட்டுக் காட்டுகிறேன். அண்ணனிடமும் தம்பியிடமும் இருக்கும் ஸ்டிக்கர்கள் 5:1 விகிதம். அண்ணன் 24 ஸ்டிக்கரைத் தம்பிக்குக் கொடுத்ததும் இருவருக்கும் சமமாகிவிட்டது. மொத்தம் எத்தனை? நீங்கள் 5எக்ஸ் கழித்தல் 24, எக்ஸ் கூட்டல் 24 என்று ஆரம்பிப்பீர்கள். பையன் மேலே ஐந்து பெட்டி, கீழே ஒரு பெட்டி வரைவான். மொத்தம் ஆறு பெட்டி, சமமாக வேண்டுமானால் ஆளுக்கு மூன்று, அப்படியானால் அண்ணனிடமிருந்து இரண்டு பெட்டி கீழே இறங்கியிருக்கிறது. இரண்டு பெட்டி 24, ஒரு பெட்டி 12, ஆறு பெட்டி 72. நீங்கள் சமன்பாட்டின் இரண்டாவது வரியில் இருக்கும்போது அவன் பென்சிலைக் கீழே வைத்துவிடுவான். அவனுடைய பெட்டிதான் உங்கள் எக்ஸ். உயர்நிலைக்குப் போனதும் பெட்டியை விட்டுவிட்டு எக்ஸுக்கு வந்துவிடுவான், நீங்கள் அவசரப்படுத்த வேண்டியதில்லை. அதுவரை அவன் பெட்டியில் நீங்கள் பேசப் பழகிக்கொள்ளுங்கள், வீட்டில் சத்தம் குறையும்.

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப்பில் செரில் பிறந்தநாள் புதிரைப் போட்டுவிட்டு ஒரு மச்சான் எல்லோரையும் வம்புக்கு இழுக்கிறார். பாதிப் பேர் ஜூலை 16 என்கிறார்கள், சித்தப்பா மட்டும் ஆகஸ்ட் 17 என்று அடம்பிடிக்கிறார். தீபாவளிக்கு எல்லோரும் ஒன்றுகூடுவதற்குள் தீர்த்துவையுங்கள்.
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: சித்தப்பாவைத் திட்டாதீர்கள், 2015இல் உலகமே இதே சண்டையைப் போட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் உள்ளூர்த் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் இந்தப் புதிரை ஃபேஸ்புக்கில் போட, அது எங்கெங்கோ பரவிவிட்டது. முதலில் தொடக்கநிலை 5 கணக்கு என்று பேச்சு அடிபட்டதால், சிங்கப்பூரில் பத்து வயசுப் பிள்ளைக்கு இதுவா என்று வெளிநாட்டுக்காரர்கள் மிரண்டார்கள். உண்மையில் அது உயர்நிலை 3, 4 மாணவர்களுக்கான கணித ஒலிம்பியாட் போட்டியில் வந்த கேள்வி.

பார்க்காதவர்களுக்காகப் புதிரைச் சொல்லிவிடுகிறேன். செரில் பத்துத் தேதிகளைத் தருகிறாள்: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. மாதத்தை ஆல்பர்ட் காதில் மட்டும் சொல்கிறாள், தேதியைப் பெர்னார்ட் காதில் மட்டும். ஆல்பர்ட் சொல்கிறான்: "செரில் பிறந்தநாள் எனக்குத் தெரியாது, ஆனால் பெர்னார்டுக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும்." பெர்னார்ட்: "முதலில் எனக்குத் தெரியாது, இப்போது தெரிந்துவிட்டது." ஆல்பர்ட்: "அப்படியா, எனக்கும் தெரிந்துவிட்டது."

பட்டியலில் 18ம் 19ம் ஒரு தடவைதான் வருகின்றன. பெர்னார்டிடம் இந்த இரண்டில் ஒன்று இருந்திருந்தால் உடனே விடை தெரிந்திருக்கும். அது நடக்கவே நடக்காது என்று ஆல்பர்ட் அடித்துச் சொல்கிறான் என்றால், அவன் கையில் இருக்கும் மாதத்தில் 18ம் இருக்கக் கூடாது, 19ம் இருக்கக் கூடாது. மே மாதமே போச்சு, ஜூன் மாதமே போச்சு. மீதி ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. இதைக் கேட்டதும் பெர்னார்டுக்கு விளங்கிவிட்டது. அவனிடம் 14 இருந்தால் ஜூலையா ஆகஸ்டா என்று இன்னும் குழம்பிக்கொண்டிருப்பான், ஆகவே 14 இல்லை. இப்போது ஜூலை 16, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 17 மூன்றுதான். ஆல்பர்டிடம் ஆகஸ்ட் இருந்தால் இரண்டில் எது என்று தெரியாது. அவன் தெரிந்துவிட்டது என்கிறானே, எனவே ஜூலை 16.

சித்தப்பா எங்கே பிரிந்து போனார் தெரியுமா? ஆல்பர்டின் முதல் பேச்சில். பெர்னார்டுக்குத் தெரியாது என்பதை யாரோ ஆல்பர்டுக்குச் சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டால் 18, 19 என்ற இரண்டு தேதிகள் மட்டும் போகும், மாதம் முழுசாகப் போகாது. அப்புறம் ஜூனில் 17 மட்டும் நிற்கும், ஆல்பர்ட் தனக்குத் தெரியாது என்பதால் அதுவும் போய், 17 என்ற தேதி ஆகஸ்டில் மட்டும் மிஞ்ச, கடைசியில் ஆகஸ்ட் 17இல் போய் நிற்பார். அவருடைய கணக்குக்குள்ளே ஓட்டை இல்லை. ஆனால் கேள்வியில் யாரும் ஆல்பர்டுக்கு அப்படிச் சொன்னதாக இல்லை, அவனிடம் இருப்பது மாதம் ஒன்றுதான், அதை வைத்தே அவன் அப்படிப் பேசியாக வேண்டும். போட்டியை நடத்தியவர்களும் ஆகஸ்ட் 17ஐப் பற்றி விளக்கம் தந்து, ஜூலை 16தான் என்று முடித்தார்கள். முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டுச் சித்தப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: கும்பகோணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேரனிடம் நான் சின்ன வயதில் கேட்ட பறவைப் புதிரைப் போட்டேன். பறந்து போன கூட்டத்தைப் பார்த்து மரத்தில் இருந்த ஒரு பறவை, "நீங்கள் நூறு பேரா?" என்று கேட்டதாம். அதற்குக் கூட்டம், "நாங்களும், எங்கள் அளவு இன்னொரு கூட்டமும், எங்களில் பாதியும், பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால் நூறு" என்றதாம். விடை 36 என்று எனக்கு மனப்பாடம். பேரன் ஏதோ கட்டம் போட்டு ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டான். எப்படி என்று கேட்டால் ஆங்கிலத்தில் விளக்குகிறான், எனக்குப் பிடிபடவில்லை.
– ஒரு தாத்தா, சுவா சூ காங்

பதில்: ஐயா, உங்கள் புதிருக்கு மாடல் முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. பாதியில் பாதி என்று வருவதால் பேரன் கால்வாசியை ஒரு கட்டமாக வைத்திருப்பான். கூட்டம் நான்கு கட்டம், அதே அளவு இன்னொரு கூட்டம் நான்கு கட்டம், பாதி இரண்டு கட்டம், பாதியில் பாதி ஒரு கட்டம். ஆக 11 கட்டம். மரத்தில் இருந்த பறவையை எடுத்துவிட்டால் நூறு 99 ஆகும். 11 கட்டம் 99 என்றால் ஒரு கட்டம் 9, நான்கு கட்டம் 36. சரிபார்க்க: 36, 36, 18, 9, அப்புறம் அந்த ஒன்று.

இத்தோடு விட்டுவிடாதீர்கள். நூறுக்குப் பதில் வேறு எந்த எண் போட்டாலும் புதிர் நடக்குமா என்று அவனிடம் கேளுங்கள். 50 போட்டால் நடக்காது, 49ஐப் பதினொன்றால் வகுத்தால் மீதி வரும், பறவையை வெட்ட வேண்டியிருக்கும். 56 போட்டால் நடக்கும், கூட்டத்தில் 20 பறவை. இன்னும் எந்தெந்த எண் நடக்கும் என்று அவனே பட்டியல் போடட்டும். அடுத்த தடவை அவன் உங்களுக்குப் புதிர் போடுவான், தயாராக இருங்கள்.

கேள்வி: தேர்வில் கால்குலேட்டர் கொடுக்கிறார்களே, அப்புறம் ஏன் வாய்ப்பாடு மனப்பாடம்?
– தொடக்கநிலை 5 மாணவன் (அம்மா அனுப்பச் சொன்னார்)

பதில்: அம்மாவா? சரி, நம்புகிறேன். பிஎஸ்எல்இ கணிதத்தில் இரண்டாவது தாளுக்கு மட்டும்தான் கால்குலேட்டர், 2009 முதல். முதல் தாளுக்குக் கிடையாது. மேலே நாணயக் கணக்கைப் பார்த்தாயா, அதில் கால்குலேட்டருக்கு என்ன வேலை இருந்தது? ஏழாம் வாய்ப்பாட்டை முடித்துவிட்டு விளையாடப் போ.

கேள்வி: பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் நாங்களே போட்டுக் கொடுத்துவிடுகிறோம், இல்லாவிட்டால் இரவு பதினொரு மணி ஆகிறது. தப்பா?
– வேலைக்குப் போகும் பெற்றோர், உட்லண்ட்ஸ்

பதில்: தப்புதான். நீங்கள் போட்டுக் கொடுத்த தாளைப் பார்த்தால் ஆசிரியருக்குப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று தோன்றும், அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். ஒரு நேரம் வரை முயற்சி, அதற்கு மேல் இல்லை என்று வீட்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் வராவிட்டால் எதுவரை புரிந்தது, எங்கே நின்றது என்று பிள்ளை கையாலேயே தாளில் ஒரு வரி எழுதட்டும். "40 கூடுதல் என்று தெரிகிறது, அதற்கு மேல் தெரியவில்லை" என்று எழுதிய பிள்ளை பாதிக் கணக்கைப் போட்டுவிட்டது. துணைப்பாட வகுப்பில் சேர்க்கலாமா என்று இன்னும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். முதலில் இந்த வரிகளை ஒரு தவணை சேர்த்துப் பாருங்கள், எந்த இடத்தில் பிள்ளை நிற்கிறது என்று தெரியும். அது தெரியாமல் எந்த வகுப்பில் சேர்த்தாலும் காசுதான் போகும்.

கேள்வி: கோழியும் ஆடும் சேர்ந்து 20 தலை, 55 கால். எத்தனை கோழி, எத்தனை ஆடு? அலுவலகத்தில் நண்பர்களிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன், யாருக்கும் வரவில்லை.
– ஒரு தந்தை, தெம்பனிஸ்

பதில்: வராது. கோழிக்கு இரண்டு கால், ஆட்டுக்கு நான்கு கால், எப்படிச் சேர்த்தாலும் இரட்டைப்படைதான் வரும். 55 வர வேண்டுமானால் மூன்று கால் ஆடு ஒன்று வேண்டும். அச்சுப் பிழையாக இருக்கும், அசெஸ்மென்ட் (பயிற்சி) புத்தகங்களில் எப்போதாவது நடப்பதுதான். 56 என்று வைத்துக்கொண்டால் சரியாக வருகிறது: இருபதும் கோழி என்று வைத்தால் 40 கால், 16 கால் குறைகிறது, ஒரு கோழியை ஆடாக மாற்றினால் இரண்டு கால் கூடும், எனவே 8 ஆடு, 12 கோழி. புத்தகத்தில் பின்னால் இருக்கும் விடையோடு ஒத்துப்பாருங்கள். பையனிடம் விடையைச் சொல்லாமல், 55 ஏன் வராது என்று மட்டும் கேட்டுப் பாருங்களேன், அவனே கண்டுபிடித்தால் ஆசிரியரிடம் போய்க் காட்டுவதற்கு அவனுக்கு ஒரு விஷயம் கிடைக்கும்.

இடமில்லாததால் மிச்சக் கணக்குகள் அடுத்த இதழில். கணக்கைப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் தாள் முழுசும் தெரிகிற மாதிரி எடுங்கள். பிடோக்கிலிருந்து ஒருவர் அனுப்பிய படத்தில் முக்கியமான எண் மேல் கட்டைவிரல் இருக்கிறது. அவர் மறுபடியும் அனுப்பினால்தான் பதில்.